பதினேழு சென்டிமீட்டர் குச்சி

2018 ஜூனில் ஒரு மத்தியானம், மடியில் ஆம்ப்ளிஃபயரோடு சித்தரேவில் பஸ் ஏறினேன். அங்கே அப்பாவுக்கு மைக்செட் கடை. பெரும்பாறையில் காபித் தோட்டத்து வீடொன்றில் குடியிருப்பவர் பழுது பார்க்கக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர் அது. கொண்டுபோய்க் கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு, அதே பஸ் தாண்டிக்குடி போய்த் திரும்பும்போது ஏறி வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அந்த வீட்டுக் கூடத்தில் பியானோவைப் பார்த்ததும் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைசி பஸ்ஸில்தான் இறங்கினேன்.

எனக்கு அப்போது இருபது வயது. ஆறு வருஷமாகக் கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பியானோ என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் வருவதுதான் எனக்குப் பியானோ. மூடியைத் தூக்கினால் உள்ளே சுத்தியல்கள் வரிசையாக நிற்கிற மரப் பியானோவை அன்றுதான் தொட்டேன். ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தம் ஓரிடத்திலிருந்து வரவில்லை. முகத்துக்கு நேரே கம்பியில் விழுந்த அடி கேட்டது, முழங்காலுக்குக் கீழே மரம் முனகியது, முதுகுக்குப் பின்னாலிருந்த சுவர் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொன்னது. ஒரு ஸ்வரம் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் கேபிள் சுற்றும் பையனாக நுழைந்து, மைக் வைக்கிற உதவியாளராக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலம், 1978இல் ‘ப்ரியா’ படத்தின் பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்து எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம். பிறகு மனைவிவழி வந்த நாலு ஏக்கர் காபியையும் மிளகையும் பார்க்க மலைக்கு வந்துவிட்டார். கூடத்தில் ஒரு லேப்டாப், இரண்டு மைக் மட்டும் சொருகக்கூடிய சின்ன இன்டர்ஃபேஸ், இரண்டு பென்சில் மைக், இரண்டு ஸ்பீக்கர். ஸ்டூடியோ அவ்வளவுதான்.

பியானோ கோடைக்கானலில் விலைக்குப் போன ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தது. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901இல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வந்தது. அந்தப் பங்களாக்களில் பியானோ இருப்பது அதிசயமில்லை. மாஸ்டரின் பியானோ இங்கிலாந்தில் செய்தது, சுவரோடு நிறுத்துகிற அப்ரைட் வகை. இன்றைய பியானோவில் 88 கட்டை இருக்கும். அதில் 85தான், உச்சியில் மூன்று குறைவு. பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக மினி லாரியில் கொண்டுவந்தபோது ஒவ்வொரு வளைவிலும் கம்பிகள் தானாக முனகின என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

“வேலை கத்துக்கணும்” என்று கேட்டேன். “கேக்கக் கத்துக்கிறியா?” என்று திருப்பிக் கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

முதல் மூன்று வாரம் மைக்கைத் தொடவிடவில்லை. கூடத்தின் நடுவில் முக்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். செருப்பில்லாமல் நடந்துபோய் எங்காவது நின்று, இரண்டு காபிக் கொட்டையை உள்ளங்கையில் உரசுவார். “கை காட்டு.” சத்தம் வந்த பக்கம் கையை நீட்ட வேண்டும். பெரும்பாலும் சரியாகவே காட்டினேன். பிறகு ஒரு காதில் பஞ்சை அடைத்துவிட்டு அதையே செய்யச் சொன்னார். கை தடுமாறியது. திறந்திருந்த காதின் பக்கமே எல்லாச் சத்தமும் வருவது போலிருந்தது.

பிறகுதான் காரணம் சொன்னார். வலப்பக்கம் எழுகிற சத்தம் வலக்காதுக்கு முதலில் வரும். தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போய்ச் சேர, மிஞ்சிப்போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கின் முக்கால்வாசிக்கும் குறைவான நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். அதோடு தலை மறைப்பதால் இடக்காதில் மேல் ஸ்வரங்களின் சத்தம் கொஞ்சம் மங்கும். இந்த இரண்டு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை இடத்தைக் கண்டுபிடிக்கிறது. “ரெண்டு காதும் ஒரே சேதியச் சொன்னா இடம் இல்ல. சம்பந்தமே இல்லாத சேதியச் சொன்னாலும் இடம் இல்ல. கொஞ்சூண்டு மாத்திச் சொல்லணும்.”

இரண்டாவது மாதம் பியானோவைச் சுற்றி நடக்கவிட்டார். அவர் வாசிப்பார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதை மைக்காக நினைத்து, பியானோவின் மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று மெதுவாக நகர்த்த வேண்டும். ஓரடி நகர்ந்தால் பியானோவே வேறாகிவிடுகிறது. சுத்தியலுக்கு நேர்மேலே தட்டுகிற ஒலி அதிகம். பின்பக்கம் ஒலிப்பலகைக்கு நேரே வைத்தால் கனமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். சுவரோடு ஒட்டியிருந்த பியானோவை ஒரு கை நீளம் முன்னால் இழுத்துச் சற்றே சாய்வாகத் திருப்பினோம். அந்த ஒரு கை நீளத்தில் கீழ் ஸ்வரங்களின் குழப்பம் பாதி தெளிந்தது.

அப்போது ஒரு விஷயம் என்னைக் குழப்பிற்று. முழங்காலுக்கு எதிரே இருக்கும் கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு அங்கே காதை வைத்தேன். மாஸ்டர் இடக்கையால் அடிக்கட்டைகளை வாசிக்கிறார். சத்தம் வலது கால்பக்கம் வருகிறது! டார்ச் அடித்து உள்ளே காட்டினார். இந்த வகைப் பியானோவில் இடம் மிச்சம் பிடிக்கக் கம்பிகளைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். செம்பு சுற்றிய தடித்த அடிக்கம்பிகள் மேலே இடப்பக்கம் தொடங்கி, மற்றக் கம்பிகளுக்கு மேலாகச் சாய்ந்து, கீழே வலப்பக்கம் போய் முடிகின்றன. அடி விழுவது ஒரு மூலையில், மரத்துக்கு அதிர்வு இறங்குவது எதிர்மூலையில். அதனால் மைக்கைக் காலடியில் வைத்தால் பியானோ திரும்பிக்கொள்ளும். வாசிக்கிறவர் காதுக்குக் கேட்பதுபோல இடமிருந்து வலமாக ஸ்வரம் ஏறவேண்டுமென்றால், மேல்மூடியைத் திறந்து, வாசிக்கிறவர் தலைக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில்தான் மைக் நிற்க வேண்டும்.

மைக்கைக் கையில் கொடுத்தது ஆகஸ்டில். ஒரே மெட்டை மூன்று விதமாகப் பதிவு செய்தோம்.

முதலில் இரண்டு மைக்கின் தலைகளும் ஒன்றன்மேல் ஒன்று தொடும்படி, செங்கோணத்தில். சத்தம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வரும், அளவில் மட்டும் வித்தியாசம். கேட்டால் பியானோ சுத்தமாக, உறுதியாக, ஆனால் ஜன்னலுக்கு வெளியே நிற்பதுபோலச் சின்னதாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, ஒரு மைக் அடிக்கட்டைப் பக்கம், ஒரு மைக் உச்சிக்கட்டைப் பக்கம், நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஹெட்போனை மாட்டியதும் துள்ளினேன். இதுதான் நான் தேடி வந்தது என்று தோன்றியது. மாஸ்டர், “இப்ப நடுக் கட்டையெல்லாம் எங்க இருக்குன்னு கை காட்டு” என்றார். காட்ட முடியவில்லை. இடது ஓரம் இருந்தது, வலது ஓரம் இருந்தது, நடுவில் பள்ளம். பிறகு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் பொத்தானை அழுத்தினார். நடு ‘ஸி’க்குக் கீழே உள்ள ‘ஜி’ மட்டும் இளைத்துப்போனது. அந்த ஸ்வரம் நொடிக்கு 196 தரம் அதிர்கிறது. அதன் ஓர் அலை காற்றில் ஏறக்குறைய 1 மீட்டர் 75 சென்டிமீட்டர் நீளம். அது ஒரு மைக்கை அடைவதற்கும் மற்றதை அடைவதற்கும் இடையிலுள்ள தூர வித்தியாசம் அதில் பாதியாக அமைந்துவிட்டால், ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்னும். மைக்கை ஒரு சாண் நகர்த்தினோம். ‘ஜி’ திரும்பி வந்தது, வேறொரு ஸ்வரம் இளைத்தது.

மூன்றாவதற்கு மாஸ்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். கவாத்து வெட்டிய காபிக் கிளை, தோல் சீவி வழவழவென்று இருந்தது. நீளம் 17 சென்டிமீட்டர். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த அளவு. அவர்கள் நிறுவனத்தின் பெயராலேயே ஓ.ஆர்.டி.எஃப். என்பார்கள். இரண்டு மைக்குக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், ஒன்றுக்கொன்று முதுகு காட்டுவதுபோல 110 பாகை விரிப்பு. ஏறக்குறைய இரண்டு காதுக்கும் நடுவிலுள்ள தூரம். பக்கத்திலிருந்து வரும் சத்தம் இரண்டு மைக்கையும் அரை மில்லி செகண்ட் வித்தியாசத்தில் எட்டும். தலை செய்கிற வேலையை இங்கே விரிப்பும் மைக்கின் திசைக் கூர்மையும் செய்கின்றன.

கேட்டேன். இரண்டாவதை விடக் குறுகலாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடியபோது ஒவ்வொரு கட்டையும் எங்கே இருக்கிறதென்று கை காட்ட முடிந்தது. பியானோவின் இரண்டு ஓரங்களும் தெரிந்தன, ஓரங்களுக்கு அப்பால் கூடமும் தெரிந்தது.

இந்த மாதிரி வேலையை உலகத்தில் முதலில் தீர யோசித்தவர் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதில் இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படை பூராவும் இருக்கிறது. 1942இல், முப்பத்தெட்டு வயதில், ராடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்துபோனார். ஆட்களை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசவைத்து அவர் குழு பதிவு செய்து பார்த்தது. மாஸ்டரும் என்னை அப்படித்தான் கூடத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடக்கவிட்டுப் பதிவு செய்வார். ஏழு எண்ணும்போது நான் நின்ற இடத்தில் ஸ்பீக்கரிலும் ஏழு கேட்க வேண்டும்.

அறையைச் சரிசெய்தது தனி வேலை. பன்னிரண்டுக்குப் பதினாறு அடிக் கூடம், தாழ்வான பலகைக் கூரை, அதற்கு மேல் தகரம். மைக்கைத் தலைக்கு மேலே தூக்கினால் கூரையில் பட்டுத் திரும்புகிற சத்தம் மூக்கை நீட்டும். தோட்டத்தில் சாக்குக்குப் பஞ்சமில்லை. காபி உமி அடைத்த சணல் சாக்குகளை இரண்டு மூலையில் கூரை வரை அடுக்கினோம், கூரைப் பலகையில் பழைய ஜமுக்காளத்தைக் கட்டினோம். எதிர்ச்சுவரை மட்டும் வெறுமையாக விடச் சொன்னார் மாஸ்டர். எல்லாச் சுவரையும் வாயடைத்துவிட்டால் பியானோ அலமாரிக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும். அகலத்தில் பாதி அந்தச் சுவர் கொடுப்பது. ஐப்பசி மழை தொடங்கியதும் மரம் ஈரம் குடித்து ஒலிப்பலகை உப்பும், நடு ஸ்வரங்கள் சுருதி ஏறிவிடும். அதற்காகப் பியானோவின் அடியில் 40 வாட் பல்பு ஒன்று பகலும் இரவும் எரிந்துகொண்டிருக்கும். பகலில் பக்கத்துத் தோட்டத்து பல்பர் மெஷினும் ஜீப்பும், சாயங்காலம் சில்வண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் பதிவு. யானை நடமாட்டம் இருந்தால் கடைசி பஸ்ஸுக்கு என்னை அனுப்பமாட்டார், அங்கேயே படுத்துக்கொள்வேன்.

இந்தச் சமயத்தில் லேப்டாப்பில் வேறொரு உலகம் எனக்குக் கிடைத்தது. ஒலியை விரிக்கிற மென்பொருள்கள். ஒரு குமிழைத் திருகினால் பியானோ காதுக்கு வெளியே போய்விடும். ஒரு பக்கத்தை 15 மில்லி செகண்ட் தாமதித்தால் ஒற்றை மைக்கில் எடுத்ததும் அகலமாகிவிடும். அவ்வளவு சின்னத் தாமதத்தை நம் காது எதிரொலியாகப் பிரிப்பதில்லை, முதலில் வந்த பக்கத்தோடு சேர்த்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் தன் ஆய்வேட்டில் அதை அளந்து எழுதினார். ராத்திரி ராத்திரியாக இவற்றோடு கிடந்தேன். மாஸ்டர் தடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கலக்கும் பொத்தானை மட்டும் அழுத்திக் காட்டுவார். பியானோ தகர டப்பாவுக்குள் போய் விழும். கோயிலில் என் கீபோர்டின் இடப்பக்கத் துளையில் மட்டும் வயரைச் சொருகும்போது பியானோ ஏன் அப்படிக் கேட்டது என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே ஸ்டீரியோவாக இருந்ததை அது ஒன்றாகக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

பொத்தானை அழுத்தித் தெரிந்துகொண்டது வேறு, ஒரு ராத்திரி அதையே அனுபவித்தது வேறு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் வழியாக எங்கள் மலைமேல் ஏறியது. சில்வர் ஓக் மரங்கள் மிளகுக்கொடியோடு சாய்ந்து கிடந்தன. பெரும்பாறையில் பல நாள் கரண்ட் இல்லை. பியானோவுக்கு அடியில் எரியும் பல்பும் அணைந்துதான் கிடந்தது. மாஸ்டர் மரம் அப்புறப்படுத்துவதிலும் பிறகு மதுரையில் வைத்தியத்துக்கு அலைவதிலும் இருந்தார். மலையில் ஒரு சின்னக் கிராமத்துக் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். “நீயே எடுத்துரு” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மரம் விழுந்ததில் ஒரு மைக் கேபிள் நசுங்கியிருந்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய வயரில் புதிதாக ஒன்றை நானே பற்றவைத்தேன். எங்கள் கடை ஜெனரேட்டரை மேலே கொண்டுவந்து, அதில் சால்டரிங் அயர்ன் சுடவைத்து, மங்கல் வெளிச்சத்தில். எக்ஸ்.எல்.ஆர். பின்னுக்கு மூன்று கால். முதல் காலுக்கு மேல்வலை, இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு வெள்ளை. மைக்செட்காரன் பிள்ளை நான், இதைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன் என்று எனக்கு எண்ணம்.

பதிவு ஒரே ராத்திரியில் முடிந்தது. குச்சியை வைத்து அளந்தேன், தலைக்குப் பின்னால் தூக்கினேன், வாசித்தேன். ஹெட்போனில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அதுவரை நாங்கள் எடுத்த எதிலும் அந்த அகலம் இல்லை. பியானோ தலைக்கு வெளியே, தோளுக்குப் பின்னால்கூட விரிந்து நின்றது. காதுக்குள் ஏதோ உறிஞ்சுவதுபோல் லேசான அழுத்தம் இருந்தது. அதையும் அகலத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் பாடுகிற பிள்ளைகளை நடுவில் ஒரே மைக்கில் எடுத்துச் சேர்த்தேன். மாஸ்டருக்குப் போன் செய்து, “இந்தத் தடவை பியானோ பெருசா வந்திருக்கு மாஸ்டர்” என்றேன்.

கிறிஸ்துமஸ் ராத்திரி அந்தக் கோயிலுக்கு அப்பாவின் மைக்செட்தான். வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், போனிலிருந்து பாட்டுப் போட ஒரு வயர். அந்த வயரில் இடது வலது இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே முனையில் பற்றவைத்திருப்போம். மைக்செட்டுக்கு எல்லாமே ஒன்றுதான். அப்பா பாட்டைப் போட்டார். பிள்ளைகள் குரல் மலை முழுக்கக் கேட்டது. பியானோ இல்லை. உச்சிக்கட்டைகளின் மெல்லிய கிலுகிலுப்பு மட்டும் எங்கோ. அகலமாக விரித்துவைத்த நடுப்பகுதி பூராவும், இரண்டு கையும் சேர்த்து வாசித்த அத்தனை கார்டும், மரத்தடியில் இல்லாமல் போயிருந்தது. கோயிலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பியானோ இருந்ததே அவர்களுக்குத் தெரியாதே. எனக்குத்தான் நெஞ்சு அடைத்துவிட்டது.

அப்பா ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏன்டா, வயரு மாத்திக் குடுத்த பாக்ஸ் மாதிரில்ல கேக்குது” என்றார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைக்கும்போது ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் காணாமல் போகும். அப்பா எந்தப் பெட்டியையும் பென்சில் பேட்டரியைத் தொட்டுக் கோன் முன்னால் நகர்கிறதா என்று பார்க்காமல் மாட்டமாட்டார். முப்பது வருஷ வழக்கம். பேசிக்கொண்டே இடுக்கியை எடுத்து, முறுக்கியிருந்த இரண்டு வயரில் ஒன்றைக் கத்தரித்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் போயிற்று. அந்த நொடியே பியானோ வேப்பமரத்திலிருந்து இறங்கிவந்தது, முழுசாக.

மறுவாரம் மாஸ்டர் ஊர் திரும்பியதும் பதிவைப் போட்டுக் காட்டினேன். நாலு கார்டுக்குள் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். “நடு எங்கடா போச்சு?” என்றார். பேசாமல் திரையில் ஒரு பக்கத்தின் கோடு போட்ட வட்டத்தை அழுத்தினார். அலையை மேல்கீழாகப் புரட்டுகிற பொத்தான் அது. கேபிளைப் பிரித்தோம். இரண்டாவது காலில் வெள்ளை, மூன்றாவதில் சிவப்பு. ஒரு மைக் காற்று வந்தால் ஏறு என்றது, இன்னொன்று இறங்கு என்றது.

சரிசெய்த பதிவைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தோளுக்குப் பின்னால் நின்ற பியானோ சுருங்கி முன்னால் வந்துவிட்டது. “சின்னதாயிருச்சு மாஸ்டர்.” அவர் பதில் சொல்லாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பத் திரும்பக் கேட்டேன். அரை மணி நேரம் கழித்து, அடிக்கட்டை ஒன்று விழுந்து, அதன் அதிர்வு இடது மூலையிலிருந்து கிளம்பி எதிர்ச்சுவரைத் தொடுவது கேட்டது. புரண்டிருந்த பதிவில் அந்தச் சுவரே கிடையாது. எங்கும் இருந்ததாக நான் நினைத்த பியானோ அதில் எங்கேயும் இல்லை. இருப்பதற்கு ஓரிடம் கிடைத்ததும், அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் அறை விரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் அப்பா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு சோதனை செய்கிறோம். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்துக் கேபிளின் இரண்டு முனையிலும் கால் காலாகத் தொட்டுப் பார்ப்பது. பிறகு இரண்டு மைக்கையும் அருகருகே ஒட்டிப்பிடித்து அதில் பேசி, இரண்டையும் கலப்பது. சத்தம் கூடினால் சரி, குறைந்தால் எங்கோ புரண்டிருக்கிறது. பாட்டு முடிந்ததும் போனின் ஸ்பீக்கரில் ஒரு தடவை. மலை பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே ஹெட்செட்டை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்களே, அதற்காக ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக ஒரு தடவை. பாட்டுக்குப் பின்னணியாகப் பியானோ வந்தால் இரண்டு பக்கத்தையும் பாதி தூரத்துக்கு உள்ளே கொண்டுவந்துவிடுவேன். முழுக்க விரித்தால் பாடுகிறவர் பியானோவுக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். பியானோ தனியாக வாசித்தால்தான் ஓரம் வரை போகவிடுவது. அப்போதும் அடிக்கட்டைகளின் ஆழத்தை நடுவோடு சேர்த்தே வைப்பேன்.

மாஸ்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் ஒரு தடவை கேட்டுவிட்டு ஹெட்போனை இடவலமாக மாற்றி மாட்டி மறுபடி கேட்பார். ஸ்பீக்கராக இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்காருவார். தொழில் நுணுக்கம் என்று நினைத்து நானும் அப்படியே செய்துவந்தேன். மதுரைக்கு எதற்கு அலைகிறார் என்று 2019 மார்ச்சில்தான் தெரிந்தது. அவருக்கு வலக்காதில் மேல் ஸ்வரங்கள் பல வருஷமாகவே கேட்பதில்லை. இப்போது நடு ஸ்வரங்களும் போய்க்கொண்டிருந்தன. ஒரு காது மங்கினால் பாட்டு கேட்கும், சுருதி தெரியும், தாளம் தெரியும். இடம் மட்டும் போய்விடும். எல்லாம் நல்ல காதின் பக்கம் சாய்ந்துவிடும். ஆம்ப்ளிஃபயரோடு வந்த பையனைக் கண்ணை மூடவைத்து மூன்று வாரம் காபிக் கொட்டையை ஏன் உரசினார் என்பது அன்று புரிந்தது.

அந்த மாதக் கடைசியில் பூ மழை பெய்தது. மறுவாரம் தோட்டம் முழுக்கக் காபி பூத்து, ஜன்னலை மூடினாலும் கூடத்துக்குள் வாசனை நிறைந்திருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அவர் வாசிக்க நான் பதிவு செய்தேன். குச்சியை அளந்து வைத்தேன், கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தாவது டேக் நன்றாக வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மாஸ்டர் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். நாற்காலியைத் திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“நடு எங்க இருக்கு?” என்றார்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஜமுக்காளத்துக்குக் கொஞ்சம் கீழே, வெறும் சுவரில் நடு ‘ஸி’ நின்றுகொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் நீட்டினேன்.